சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை

பழைய பிக்கப் வண்டியின் முன்சக்கரம் திரும்பும்போது மட்கார்டில் உரசுகிறது என்று சொன்னால், உடனே கிடைக்கிற யோசனை ‘உரசுகிற இடத்தைக் கொஞ்சம் வெட்டிவிடு’ என்பதுதான். கிரைண்டர் கையிலேயே இருக்கும், வேலையும் சுலபம், சத்தமும் அன்றைக்கே நின்றுவிடும். இந்த யோசனையை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. ஏறக்குறைய எழுபது வருஷம் துருவுக்குத் தப்பி நிற்கிற தகரத்தை, அது செய்யாத குற்றத்துக்காக வெட்டுவது அநியாயம். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்கிறது. எங்கே, எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்துவிட்டால், வெட்டாமலே தீர்க்கிற வழி அநேகமாகக் கிடைத்துவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில். வாகனங்களின் சஸ்பென்ஷன் பாகங்களை வடிவமைப்பது என் பிழைப்பு. இந்த வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருப்பது ஊர்ப்பழக்கம் மாதிரி. ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் மைல்கணக்கில் அணிவகுத்துப் போகும். 1995இல் தொடங்கிய விழா அது. பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள் என்பதால், முதல் பனி விழுவதற்கு முன்பே அந்த வண்டிகளெல்லாம் கொட்டகைக்குள் போய்விடும். அப்புறம் வசந்தம் வரும்வரை உள்ளேயே பழுது பார்க்கிற வேலைதான்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படிப்பட்டவர். கார்த் தொழிற்சாலையில் அச்சு வார்ப்புகளைக் கடைந்து ஓய்வு பெற்ற கைகள் அவருடையவை. அவரிடம் 1956ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப் இருக்கிறது. முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து கதவுவரை வரும். அந்தத் தலைமுறை எஃப்-100களில் அந்த ஒரு வருஷத்து வண்டிக்கு மட்டும் உரிய அழகு. அவர் வாங்குவதற்கு முன்பே யாரோ அதன் முன் சஸ்பென்ஷனை மாற்றியிருந்தார்கள். ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்து வீட்டு வாசல் மேட்டில் ஏறினால், வலது முன்சக்கரத்திலிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். மட்கார்டின் பின்னோரத்தில் பெயின்ட் தேய்ந்து வெறும் இரும்பு பளபளத்தது.

முன்பகுதியை ஏன் மாற்றுகிறார்கள்?

எஃப்-100 என்ற பெயர் 1953இல் வந்தது. அந்த வண்டியின் முன்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே இரும்பு அச்சு. அதைத் தாங்குவது கமான் பட்டைகள். நம் ஊர் லாரிகளில் பார்க்கிற அதே அமைப்பு. பாரத்துக்கு அஞ்சாது, எளிதில் உடையாது. ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள்பலம் வேண்டும். வயல்சாலைகளுக்காகச் செய்த வண்டி அது. மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டருக்கு மேல் எல்லாரும் போகிற இன்றைய நெடுஞ்சாலையில் அதை நேராகப் பிடித்திருப்பதே பெரும்பாடு.

ஆகவே பலர் முன்பகுதியை மாற்றுகிறார்கள். இதற்கு அதிகம் பேர் நாடுவது, ஃபோர்டு நிறுவனம் 1974 முதல் 1978 வரை விற்ற மஸ்டாங் 2 என்ற சிறிய காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம்; நடுவே சுருள் ஸ்பிரிங்; முன்னால் டிஸ்க் பிரேக்; ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். எல்லாமே ஒரு குறுக்குச் சட்டத்தில் அடக்கம். அந்தச் சட்டத்தைப் பழைய சேஸில் பற்றவைத்தால் போதும். இன்று அதற்காகப் பழைய மஸ்டாங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே வடிவில் புதிதாகச் செய்து பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். 1956இல் அந்த மட்கார்டை வளைத்தவர்கள், ஆறு, ஆறரை அங்குல அகலமுள்ள டயரை மனத்தில் வைத்து வளைத்தார்கள். அச்சின் நீளம், சக்கரத்தின் இடம், ஸ்டியரிங் எவ்வளவு ஒடியும் என்பது எல்லாம் அதற்குப் பொருந்தும்படி அமைந்தவை. இப்போது சேஸ் ஒரு காலத்தது, சஸ்பென்ஷன் வேறொரு காலத்தது, ரிம் கடையில் பிடித்துப்போய் வாங்கியது, டயர் அதைவிடப் பிடித்துப்போய் வாங்கியது. இவை நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சக்கரம் தன் நடுவில் திரும்புவதில்லை

உரசலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெளிவானால் போதும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் தன் நடுப்புள்ளியில் நின்றபடி திரும்புவதாக நினைக்கிறோம். உண்மையில் அது மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் இணைக்கிற ஒரு சாய்கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. கதவுக்குக் கீல் எப்படியோ, சக்கரத்துக்கு அந்தக் கோடு அப்படி. அந்தக் கோட்டிலிருந்து சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, திரும்பும்போது அது முன்னும் பின்னும் வீசுகிற வட்டம் பெரிதாகும்.

வண்டி இடதுபக்கம் திரும்புகிறது என்று வையுங்கள். வலது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே போகும், பின்விளிம்பு வெளியே வரும். அதே நேரத்தில் வண்டியின் எடை வலதுபக்கம் சாய்வதால் வலது ஸ்பிரிங் அமுங்கி மட்கார்டு சக்கரத்தின் மேல் இறங்கும். வெளியே வருகிற பின்விளிம்பும் கீழே இறங்குகிற மட்கார்டின் பின்னோரமும் அங்கேதான் சந்திக்கின்றன. பெரியவரின் வண்டி வாசல் மேட்டில் மட்டும் கத்தியதற்குக் காரணம் இதுதான். நேராகப் போனாலோ, சமதரையில் முழுக்க ஒடித்தாலோ சத்தம் இல்லை. ஒடிப்பதும் அமுங்குவதும் ஒன்றுசேர வேண்டும்.

உள்பக்கம் உரசினால் கதை வேறு. அங்கே டயர் சேஸிலோ, ஆர்மிலோ, வண்டி சாய்வதைக் குறைக்கிற ஸ்வே பாரிலோ மோதும். உடனே இரண்டு பக்கமும் ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவார்கள். வட்டம் பெரிதாகி, வெளிப்பக்கத்தில் புது உரசல் தொடங்கும். ஒன்றைத் தீர்க்கப்போய் இன்னொன்றை விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

எந்த இடத்தில் உரசுகிறது என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறும். டயரின் மேல்தளத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. அங்கே எப்போதாவது லேசாக உரசினால் ரப்பர் தேயும், அவ்வளவுதான். ஆனால் ரேடியல் டயரின் பக்கச்சுவர் மெல்லியது. உள்ளே நூலிழைகள் மட்டும்தான். கூரான தகர விளிம்பு அதைத் தொடர்ந்து அறுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும். இதைவிட மோசம், பிரேக் குழாய் டயரில் உரசுவது. ஆகவே உரசலைத் தேடும்போது கண்ணுக்குத் தெரிகிற மட்கார்டோடு நிறுத்திவிடாமல், உள்ளே டார்ச் அடித்து அந்த ரப்பர் குழாயையும் பார்த்தே ஆகவேண்டும்.

களிமண் சொன்ன கணக்கு

அந்தக் குளிர்காலத்தில் நானும் பெரியவரும் சேர்ந்து வண்டியை அளந்தோம். இந்த வேலையில் பாதிக்கு மேல் அளப்பதுதான். சேஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகள் வைத்து வண்டியை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பிறகு முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றினோம். அமுங்கியிருக்கிற சுருள் ஸ்பிரிங்கில் ஆளையே அடித்துப்போடுகிற விசை இருக்கும். அதற்கான கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஸ்பிரிங் இல்லாவிட்டால் சக்கரம் கையோடு வரும். கீழ் ஆர்முக்கு அடியில் சிறிய ஜாக்கியை வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கலாம். ஒவ்வொரு அங்குலத்திலும் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பார்க்கலாம். சாலையில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவது இங்கே நிதானமாகக் கண்முன் நடக்கும்.

மட்கார்டின் உள்விளிம்பில், பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை நெல்லிக்காய் அளவில் உருட்டி வரிசையாக ஒட்டினார் பெரியவர். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் பூசினோம். சக்கரத்தைத் தூக்கித் திருப்பிவிட்டுப் பார்த்தால், அமுங்கிய உருண்டையின் கனம்தான் அந்த இடத்தில் மிஞ்சியிருக்கிற இடைவெளி. அவர் தன் பழைய வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றையும் அளந்து சொல்ல, நான் தாளில் எழுதினேன். முன்னோரத்தில் இருந்த உருண்டைகள் முழுசாக நின்றன. மேலே இருந்தவை லேசாகத் தட்டையாகியிருந்தன. பின்னோரத்தில் இருந்தவை காகிதமாக நசுங்கி, சாக்பீஸின் வெள்ளையை ஒட்டிக்கொண்டிருந்தன.

பிறகு இடதுபக்கத்தையும் அதேபோல் அளந்தோம். அங்கே பின்னோரத்தில் இடைவெளி குறைவாக இருந்தாலும் தொடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பாகங்கள் என்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப் இந்த மூன்றும் பதில் சொல்லிவிட்டன.

முதலாவது, உயரம். இந்த வகை சஸ்பென்ஷனில் வண்டி தரையில் நிற்கும்போது கீழ் ஆர்ம் தரைக்கு மட்டமாக இருக்கவேண்டும். இங்கே வலதுபக்கத்து ஆர்மின் வெளிமுனை முக்கால் அங்குலம் மேலே ஏறியிருந்தது. வண்டியைத் தாழ்த்துவதற்காக முன்பு யாரோ ஸ்பிரிங்கின் சுருளை அறுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவில் அறுபடவில்லை. போதாக்குறைக்கு வலதுபக்கம் பம்ப் ஸ்டாப் ரப்பரே காணோம். சக்கரம் இவ்வளவுக்கு மேல் ஏறாதே என்று தடுக்கிற காவல்காரன் அது.

இரண்டாவது, மட்கார்டு. சேஸின் நடுக்கோட்டிலிருந்தும் குறுக்குச் சட்டத்திலிருந்தும் அளந்தால், வலது மட்கார்டின் பின்னோரம் இடதைவிட 5 மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. போல்ட்டில் இறுக்கிய தகரம்தானே? எப்போதோ கழற்றி மாட்டும்போது அடியில் வைக்கவேண்டிய ஷிம் தகடுகளை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, அலைன்மென்ட். ஸ்டியரிங் திருப்பியபின் தானாக நேராவதற்காக, மேல் பால் ஜாயின்ட் கீழ் பால் ஜாயின்டைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும்படி அமைப்பார்கள். இதுதான் கேஸ்டர். இங்கே அதை மேல் ஆர்மைப் பின்னுக்கு இழுத்தே கொண்டுவந்திருந்தார்கள். அதனால் சக்கரமும் கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது.

நான்காவதும் பெரியதும், ரிம். 15 அங்குல விட்டம், 8 அங்குல அகலம், 235/70 டயர். ரிம்மைக் கவிழ்த்துப்போட்டு, பின்விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்கார்கிற தளம்வரை அளக்கவேண்டும். இதை பேக்ஸ்பேசிங் என்கிறார்கள். இந்த ரிம்மில் அது மூன்றே முக்கால் அங்குலம். 8 அங்குல ரிம்முக்கு விளிம்புகளையும் சேர்த்தால் மொத்த அகலம் ஏறத்தாழ 9 அங்குலம், பாதி நாலரை. ஆக, சக்கரத்தின் நடுக்கோடு ஹப் தளத்துக்கு முக்கால் அங்குலம் வெளியே நின்றது.

கழற்றக்கூடியதிலிருந்து தொடங்கினோம்

எங்கள் விதி ஒன்றுதான்: திரும்பப் பழையபடி ஆக்கமுடிகிற வேலையை முதலில் செய்வது, ஒவ்வொன்றும் முடிந்தபின் களிமண்ணை மறுபடி ஒட்டி அளப்பது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாது.

என்ஜினின் எடைக்கேற்ற புது ஸ்பிரிங்குகள் போட்டோம். ஆர்ம்கள் மட்டத்துக்கு வந்தன. இரண்டு பக்கமும் பம்ப் ஸ்டாப் பொருத்தினோம். மேலே தட்டையான உருண்டைகள் இப்போது முழுசாக நின்றன. மட்கார்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி ஷிம்களைச் சரிசெய்ததும் 5 மில்லிமீட்டர் திரும்பக் கிடைத்தது. கதவிடுக்குகூட அதற்குப் பிறகுதான் ஒரே சீராகத் தெரிந்தது.

கேஸ்டருக்கு வேறு வழி எடுத்தோம். இந்த வண்டியில் கீழ் ஆர்மைப் பின்பக்கச் சேஸோடு பிடிக்கிற ஸ்ட்ரட் ராட் இருக்கிறது. அதன் நட்டைத் திருகி நீளத்தைக் கூட்டினால் கீழ் பால் ஜாயின்ட் முன்னே போகும். மேல் ஆர்மை அதற்கேற்ப முன்னுக்குத் தளர்த்தினால் கேஸ்டர் பாகை மாறாமல் இருக்க, சக்கரம் மட்டும் முன்னால் நகரும். மேலே பின்னுக்கு இழுத்தாலும் கீழே முன்னுக்குத் தள்ளினாலும் கிடைக்கிற கோணம் ஒன்றுதான். ஆனால் சக்கரம் நிற்கிற இடம் வேறு. பின்னோரத்தில் உரசுகிற வண்டிக்கு இந்த ஒரு நுணுக்கம் பெரிய வரம். இதன்பின் அலைன்மென்ட் கடையில் கேம்பரையும் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) டோவையும் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளோ வெளியோ பார்க்கும் கோணம்) மறுபடி பார்க்கவேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இவ்வளவும் ஆனபின் உரசல் போய்விட்டது. ஆனால் களிமண் இன்னும் மெல்லியதாகத்தான் நசுங்கியது. பளுவேற்றினால், புஷ்கள் தேய்ந்தால், ஆர்ம்கள் கொஞ்சம் நெளியும். நகர்கிற டயருக்கும் நிற்கிற இரும்புக்கும் நடுவே ஒரு விரற்கடையாவது இருக்கவேண்டும் என்பது என் அளவுகோல். ஆகவே ரிம்மையும் மாற்றச் சொன்னேன். 15க்கு 7 அங்குலம், பேக்ஸ்பேசிங் நாலேகால். அதற்கு 215/70 டயர்.

கணக்கைப் பாருங்கள். 7 அங்குல ரிம்மின் மொத்த அகலம் ஏறத்தாழ 8, பாதி 4. நடுக்கோடு இப்போது ஹப் தளத்துக்குக் கால் அங்குலம் உள்ளே. முன்பு முக்கால் வெளியே இருந்தது, ஆக ஓர் அங்குலம், 25 மில்லிமீட்டர், உள்ளே நகர்ந்தது. டயரின் அகலம் 20 மில்லிமீட்டர் குறைந்ததில் பக்கத்துக்கு 10. வெளிச்சுவர் மொத்தத்தில் 35 மில்லிமீட்டர் உள்ளே போனது. உள்சுவர் 15 மில்லிமீட்டர் மட்டுமே உள்ளே வந்தது. அங்கே அதற்கு இடம் இருந்ததை முன்பே அளந்து வைத்திருந்தோம். டயரின் விட்டமும் 710 மில்லிமீட்டரிலிருந்து 682க்கு இறங்கியதால், ஓரத்திலிருந்து இன்னும் 14 மில்லிமீட்டர் விலகியது. பின்சக்கரங்களுக்கும் இதே டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் வேகத்தை மிகையாகக் காட்டும், அதையும் சரிசெய்யவேண்டும். ஸ்டியரிங்கும் இலகுவானது. சக்கரம் தான் திரும்புகிற கோட்டுக்கு அருகே வந்துவிட்டதல்லவா?

இவையும் போதாத வண்டிகள் உண்டு. அவற்றுக்கு ஸ்டியரிங் ரேக்கில் தடுப்பு வளையம் போட்டு, கடைசிக் கொஞ்சம் ஒடிப்பதை நிறுத்தலாம். வண்டி திரும்ப இன்னும் அகலமான இடம் கேட்கும், அவ்வளவுதான். குறுகிய ஆர்ம்களும் கிடைக்கின்றன. ஆனால் ஆர்மைக் குறுக்கினால் அதற்குப் பொருத்தமான ரேக்கும் வேண்டும். ஆர்ம் ஏறி இறங்குகிற வட்டமும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் ஏறி இறங்குகிற வட்டமும் ஒத்துப்போகாவிட்டால், மேடு பள்ளத்தில் வண்டி தன்னிச்சையாகத் திரும்பும். உரசலைவிட அது பெரிய ஆபத்து. ஸ்பிரிங்கை அறுப்பதும், சூடுகாட்டித் தாழ்த்துவதும், சேஸில் குழி வெட்டுவதும் எந்த நிலையிலும் வேண்டாம்.

உங்கள் காருக்கும் இதே கணக்குதான்

உங்கள் காருக்கோ ஜீப்புக்கோ அகலமான அலாய் ரிம் போட ஆசைப்பட்டாலும் இதே கணக்குதான். ரிம்மின் உள்பக்கத்தில் ‘இ.டி.’ என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். நடுக்கோட்டிலிருந்து ஹப் தளம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். பழைய ரிம்மின் அகலத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போய், புதியதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் பணம் கொடுங்கள். ஆட்களை ஏற்றி, முழுக்க ஒடித்து, வேகத்தடையில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது.

பழைய வண்டிக்காரர்களிடம் நான் இன்னொன்றும் கேட்டுக்கொள்வேன். அளந்ததை எழுதிவையுங்கள். ரிம்மின் அகலம், பேக்ஸ்பேசிங், டயர் அளவு, கேஸ்டர், கேம்பர், டோ, தரையிலிருந்து மட்கார்டின் உயரம், எந்த ஷிம் எங்கே என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வண்டியின் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். பெரியவரின் வண்டியில் முன்பு வேலை செய்தவர் அப்படி ஒரு தாள் விட்டுப்போயிருந்தால், பாதி அளவுகளை நாங்கள் எடுக்கவே வேண்டியிருந்திருக்காது. இந்த வண்டிகள் நம்மைவிட நீண்டநாள் இருக்கக்கூடியவை. அடுத்து வாங்குபவர் கிரைண்டரை எடுப்பதற்கு முன் அந்தத் தாளை எடுத்தால், அந்தத் தகரம் இன்னொரு தலைமுறைக்கு முழுசாக நிற்கும்.